வலிக்காத புண்ணுக்கு பில் போடுவது

கால் புண்ணோடு வரும் சர்க்கரைக்காரரிடம் பணம் வாங்குவது மற்ற நோயாளிகளிடம் வாங்குவது போல இல்லை. பல்வலிக்காரர் வலி நின்ற நிமிஷமே பணத்தை எடுத்து வைத்துவிடுவார். பிரசவத்துக்கு வந்த வீட்டார் பிள்ளையைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் கட்டிவிடுவார்கள். எங்களிடம் வருபவருக்குப் பாதத்தில் உணர்ச்சியே பாதி செத்திருக்கும். உள்ளங்காலில் குழி விழுந்திருக்கும். அதோடு பஸ் ஏறி, நடந்து, வரிசையில் நின்று வந்திருப்பார். "வலிக்கவே இல்லையேம்மா, இதுக்குப் போய் எதுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரணும், வரும்போதெல்லாம் கட்டணும்?" என்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. வலி இருந்தால்தான் யாருக்கும் செலவு செய்ய மனசு வரும்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய பாத சிகிச்சை கிளினிக்கில் பில்லிங், வசூல், கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். டாக்டர் அறுவை சிகிச்சை படித்துவிட்டு சர்க்கரை நோய்ப் பாதத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர். இங்கே வருகிறவர்களைச் சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். சீமைக்கருவேல முள் குத்தியது தெரியாமல் சீழ் வைத்தவர்கள், திருக்கை முள் ஏறிய மீனவர்கள், பாசி எடுக்கப் போய்ப் பாறையில் காலைக் கிழித்துக்கொண்ட பெண்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்து பாதம் வெடித்தவர்கள், ராமேஸ்வரம் கோயிலுக்கு வந்த இடத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் போட்ட வெளியூர்க்காரர்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை உண்டு. சின்னப் புண்ணே ஆறுவதற்கு ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் ஆவது சகஜம். நடுவில் பணம் தட்டுப்பட்டால் டிரெஸ்ஸிங் நிற்கும். டிரெஸ்ஸிங் நின்றால் விரல் போகும், அப்புறம் பாதமும் போகலாம். அதனால் நாங்கள் பில் போடுகிற முறையே ஆளை மறுபடி வரவைக்கவும் செய்யும், வராமல் நிறுத்தவும் செய்யும். இப்படி ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கும், புதிதாகத் தொடங்க நினைக்கும் டாக்டர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே வருவதற்கு முன் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்களுக்காக இங்கிருந்து கிளெய்ம் போடும் வேலை, அதாவது செய்த சிகிச்சைக்குக் காப்பீட்டிலிருந்து பணம் கேட்டு எழுதும் வேலை. எனக்குக் கிடைத்தது போடியாட்ரி அக்கவுண்ட், அதாவது பாத மருத்துவர்களின் கணக்கு. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு சாதாரணமாக நகம் வெட்டுவதற்கும் கால் ஆணி சீவுவதற்கும் பணம் தராது. நோயாளிக்குச் சர்க்கரை போல உடம்பு முழுவதையும் பாதிக்கும் நோய் இருக்க வேண்டும். அதனால் காலில் ரத்த ஓட்டம் குறைந்ததற்கான அடையாளங்களை டாக்டர் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அந்த அடையாளங்களுக்கு க்யூ7, க்யூ8, க்யூ9 என்று குறியீடுகள் உண்டு. ஏற்கெனவே விரலோ பாதமோ எடுக்கப்பட்டிருந்தால் க்யூ7. தடித்துப் போன நகங்களைச் சரிசெய்தால் ஐந்து நகம் வரை 11720, ஆறும் அதற்கு மேலும் 11721. விரலுக்கு விரல் தனிக் குறியீடு வேறு: இடது பெருவிரல் டிஏ, வலது பெருவிரல் டி5, வலது சுண்டுவிரல் டி9. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரை நோயாளி கடைசியாகப் பார்த்த தேதியும் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் கிளெய்ம் திரும்பி வந்துவிடும். சிகிச்சை நடந்து ஒரு வருஷத்துக்குள் போடாத கிளெய்முக்குப் பணமே கிடையாது.

ராமநாதபுரத்தில் இந்தக் குறியீடுகளுக்கு வேலையே இல்லை. பெரும்பாலானவர்கள் கைக்காசு கொடுப்பவர்கள். ஆனால் அந்த வேலையிலிருந்து ஒரு பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தேன்: எந்தக் கால், எந்த விரல், எந்தப் பக்கம் என்று எழுதாமல் ஒரு வரியும் பில்லில் ஏறக் கூடாது. 'டிரெஸ்ஸிங்' என்று மொட்டையாக எழுதினால் போதாது. 'இடது கால், இரண்டாம் விரல் அடிப்பக்கம், டிரெஸ்ஸிங்' என்று எழுத வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு புண் இருக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒன்று ஆறிவிட்டது, மற்றொன்று புதிதாக வந்தது என்றால் வீட்டில் கணக்குப் பார்க்கும் மகன், "ஆறிடுச்சுன்னு சொன்னீங்க, இன்னும் எதுக்கு பில்லு வருது?" என்பார். பில்லிலேயே பதில் இருந்தால் பேச்சு வளராது. காப்பீட்டுக்குப் போகும்போதும் டாக்டரின் குறிப்பில் வலது கால், பில்லில் இடது கால் என்று இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இதோடு புண்ணின் அளவையும் எழுதத் தொடங்கினோம். வாரம் ஒருமுறை நர்ஸ் அளவுகோல் வைத்து நீளம், அகலம் பார்த்துச் சொல்வார். அதை ரசீதின் அடியில் எழுதிவிடுவோம். இது டாக்டரின் கேஸ் ஷீட்டில் எப்போதும் இருக்கிற விவரம்தான். ஆனால் பணம் கட்டுகிறவர் கையில் இருக்கும் தாளில் அது இருப்பதில்லை. வலியை வைத்துக் குணத்தை அறிய முடியாத ஆளுக்கு அறிய வேறு வழி இந்த எண்தான்.

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கடலில் பாசி எடுக்கிறவர். குதிகாலோரம் பாறை கிழித்து, அது தெரியாமலே அதற்கப்புறமும் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். முதல் நாள் கவுண்டரில் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈரமாய்ச் சுருண்டிருந்த நோட்டுகளை மேசையில் வைத்து, "இதுதான் இருக்கு தங்கச்சி, இதுக்குள்ள முடிச்சு விட்ருங்க" என்றார். அவரை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இன்றைக்கு டாக்டர் பீஸ் இவ்வளவு. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் பார்த்ததற்கு இவ்வளவு. டிரெஸ்ஸிங் ஒரு தடவைக்கு இவ்வளவு, வாரத்துக்கு மூன்று தடவை. ஆறு வாரத்திலும் ஆறலாம், மூன்று மாதமும் இழுக்கலாம். ஆறினதும் செருப்பு ஒன்று போட்டே ஆக வேண்டும், அது இவ்வளவு. மொத்தத்தைக் கூட்டிக் கீழே எழுதி அடிக்கோடு போட்டேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை. பாசி வியாபாரியிடம் எந்தக் கிழமை காசு வரும் என்று கேட்டேன். "சனிக்கிழமை" என்றார். அப்படியானால் நடுவில் வரும்போது எதுவும் தர வேண்டாம், சனிக்கிழமை வாரக்கணக்கைக் கொடுங்கள் என்றேன். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ரசீதை வாங்கியதும் முதலில் அடியில் இருக்கும் எண்ணைத்தான் தேடுவார். மூன்றே கால் சென்டிமீட்டராக இருந்தது இரண்டரை ஆன அன்று அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டணும், சும்மா காசைக் கொட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றார்.

மொத்தத்தை முதல் நாளே சொன்னால் ஆள் பயந்து ஓடிவிடுவார் என்று பல கிளினிக்குகளில் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஓடுகிறவர்கள் நான்காவது, ஐந்தாவது தடவையில்தான் ஓடுகிறார்கள். முடிவே தெரியாமல் வரும்போதெல்லாம் பணம் கேட்கப்படும்போது, 'இது நிற்கவே நிற்காது போல' என்று தோன்றிவிடுகிறது. அதனால் அதிகபட்சம் எவ்வளவு ஆகலாம் என்பதைச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். குறைவாகச் சொல்லி இழுப்பது நோயாளிக்கும் கெடுதல், கிளினிக் பெயருக்கும் கெடுதல்.

பரிசோதனைக் கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். மீனவர்களுக்கு அதைப் பார்த்ததும் தங்கூசிதான், அதாவது மீன்பிடிக்கும் நைலான் நரம்புதான் நினைவுக்கு வரும். "தங்கூசிய வச்சுத் தொட்டதுக்கா காசு?" என்று கேட்டவர்கள் உண்டு. இதற்குக் கவுண்டரில் விளக்கம் சொல்லிப் பயனில்லை. சோதனை நடக்கும்போதே கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தைச் சொல்லச் சொல்லி, பிறகு கண்ணைத் திறந்து தொடுவதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். தன் காலை யாரோ தொடுவதைப் பார்த்துக்கொண்டே, தொடுவது தெரியவில்லை என்று உணர்கிற மனிதர் அதற்கப்புறம் அந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கூட வந்த மனைவிதான் முதலில் கவலைப்படுவார்.

டிரெஸ்ஸிங்கில் பொருள் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும். சாதாரணக் கட்டு வேறு, வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் வேறு, கொலாஜன் ஷீட் வேறு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உள்ளே நர்ஸ் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தார் என்பது கவுண்டருக்குத் தெரியாவிட்டால் ஒன்று கிளினிக்குக்கு நஷ்டம், அல்லது நோயாளிக்குத் தப்பான பில். எங்களிடம் டிரெஸ்ஸிங் ட்ரேயோடு ஒரு சீட்டு போகும். பிரித்ததை நர்ஸ் அங்கேயே டிக் செய்வார். நோயாளி செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சீட்டு கவுண்டருக்கு வந்துவிடும். விலை கூடிய பொருள் என்றால் பிரிப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும். பிரித்த பிறகு "இதுக்குத் தனியா ஆயிரத்துச் சொச்சம்" என்று சொல்வது நியாயமே இல்லை. அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தால் அது டிரெஸ்ஸிங் இல்லை, தனி சிகிச்சை. பில்லிலும் தனி வரியாகத்தான் வர வேண்டும்.

பணம் எப்போது வரும் என்பதை இந்த ஊரில் கடலும் மழையும்தான் முடிவு செய்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டுச் சாமானுக்கே காணாது. ஆனால் படகு வேலைக்காரர்கள் காலைக் கவனிக்க வருவது அந்த இரண்டு மாதத்தில்தான், ஏனென்றால் அப்போதுதான் அவர்களுக்குப் பொழுது இருக்கிறது. கையில் காசிருக்கும் மாதங்களில் பொழுது இருக்காது. தடை முடிந்ததும் பாதி ஆறிய புண்ணோடு கடலுக்குப் போய்விடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'பாக்கி இல்லாமல் வந்தால்தான் டிரெஸ்ஸிங்' என்று விதி போட்டால் அந்த இரண்டு மாதமும் கிளினிக் காலியாக இருக்கும், நான்கு மாதம் கழித்துப் பெரிய ஆபரேஷனுக்கு ஆள் வரும். மிளகாய்க்காரர்கள் கதை வேறு. முண்டு மிளகாய் பழம் பறித்துக் காயவைத்து விற்கும் மாசி, பங்குனியில் அவர்களே தேடிவந்து பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள்.

அதனால் பாக்கி நோட்டு இல்லாமல் இங்கே தொழில் நடத்த முடியாது. ஆனால் அதை முறையாக வைக்க வேண்டும். பில் வேறு, ரசீது வேறு என்பதில் நான் கறாராக இருப்பேன். செய்த சிகிச்சைக்கு அன்றைக்கே முழுத் தொகைக்கு பில். கையில் வந்த தொகைக்குத் தனி எண்ணோடு ரசீது. மீதி, நோயாளியின் பெயரில் பாக்கி. வந்த காசுக்கு மட்டும் பில் போட்டு மீதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் வருஷக் கடைசியில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. பாக்கிக்கு எதிரில் 'எப்போது தருவார்' என்பதையும் அவர் வாயால் சொன்னபடி எழுதுவேன். 'ஆடி பிறந்து', 'மகன் பணம் போட்டதும்', 'மிளகாய் வித்ததும்'. அந்தச் சமயம் வரும்வரை கேட்பதில்லை. டிரெஸ்ஸிங்குக்கு எவ்வளவு பாக்கி இருந்தாலும் வரலாம். செருப்புக்கு மட்டும் பாதிப் பணமாவது முன்னால் வாங்கிவிடுவோம், அது அளவெடுத்துத் தைக்கக் கொடுப்பது. எம்சிஆர் என்று சொல்லும் அந்த மெத்து ரப்பர், தொழுநோயில் உணர்ச்சி இழந்த பாதங்களுக்காக வேலூரில் பால் பிராண்ட் காலத்தில் செருப்பாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களின் பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆறிய புண் திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தள்ளுபடி பற்றியும் ஒரு ஒழுங்கு வேண்டும். எங்கள் டாக்டர் இரக்கமான மனிதர். டிரெஸ்ஸிங் அறையிலிருந்தே "அந்த ஆத்தாகிட்ட காசு வாங்காதீங்க" என்று குரல் கொடுப்பார். நல்ல மனசுதான், ஆனால் கணக்கில் அது ஓட்டையாகிவிடும். டிரெஸ்ஸிங் எண்ணிக்கையும் வசூலும் பொருந்தாது, இடையில் வேறு யாராவது கை வைத்தாலும் தெரியாது. அதனால் சின்னச் சீட்டில் தொகையை எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. பில் முழுத் தொகைக்கு, கீழே தள்ளுபடி, அதற்கும் கீழே பூஜ்யம். இலவசமாகச் செய்ததும் எவ்வளவு என்று மாதக் கடைசியில் தெரிவதால், அடுத்த மாதம் இன்னும் எத்தனை பேருக்குச் செய்ய முடியும் என்றும் அவரால் சொல்ல முடிகிறது.

யுபிஐ வந்த பிறகு சில்லறைப் பிரச்சினை தீர்ந்தது, பெயர்ப் பிரச்சினை வந்தது. கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். வாப்பாவுக்கு இங்கே கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே துபாயிலிருந்து மகன் வாட்ஸப்பில் வந்து, "லாத்தா, எவ்வளவுன்னு சொல்லுங்க, இப்பவே போடுறேன்" என்பார். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவூதி, கத்தார், சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் செல்போன் எண்ணிலிருந்தே என்ஆர்ஈ, என்ஆர்ஓ என்ற வெளிநாடு வாழ் இந்தியர்களின் வங்கிக் கணக்குகளை யுபிஐயில் பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. பணம் வந்துவிடும், ஆனால் யாருக்காக வந்தது என்பது சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது தெரியாது. அனுப்பும்போது குறிப்பில் நோயாளியின் ஓபி சீட்டு எண்ணைப் போடச் சொல்லிவிடுங்கள், பாதி வேலை மிச்சம். 'அனுப்பியாச்சு' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு ரசீது போடக் கூடாது. பணம் வந்ததைச் சொல்லும் கவுண்டர் பெட்டி சத்தம் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் வங்கிக் கணக்கில் அந்த யுபிஐ பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க எண் தெரிய வேண்டும். ரசீதில் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதிவைத்தால் பின்னால் தேடுவது எளிது. இன்னொன்று, எவ்வளவு அவசரமானாலும் ஊழியர் யாருடைய சொந்த எண்ணுக்கும் பணம் வாங்கக் கூடாது. நல்ல பிள்ளைகள் மேல் வீண் சந்தேகம் வருவதற்கு அதுதான் வழி.

காப்பீடு என்று வந்தால் நோயாளிகளுக்கு இரண்டு தப்பான நம்பிக்கைகள் உண்டு. ஒன்று, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லா கிளினிக்கிலும் எல்லாம் இலவசம் என்பது. அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அது திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். எங்கள் மாதிரி சின்ன கிளினிக்கில் வந்துபோய்ப் போடும் டிரெஸ்ஸிங்குக்கு அது பயன்படாது. இதைச் சொல்வதோடு நிறுத்தாமல் முதல் நாளே அட்டை இருக்கிறதா என்று கேட்டுவிடுவோம். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகச் சொல்லுவோம். ஏன் முதல் நாளே என்றால், கால் கறுத்து ஆபரேஷன் என்று முடிவான ராத்திரியில் சான்றிதழ் வாங்க அலைய முடியாது. விரல் எடுக்க வேண்டிய நிலை வந்தால், கட்ட முடியாதவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்கள் குறிப்புகளோடு அனுப்பிவிடுவோம். அதில் கிளினிக்குக்கு வருமானம் போகிறதே என்று நாங்கள் நினைப்பதில்லை. அங்கே ஆபரேஷன் முடிந்து, டிரெஸ்ஸிங்குக்குத் திரும்ப எங்களிடம் வருகிறவர்கள் நிறைய.

இரண்டாவது நம்பிக்கை, சர்க்கரையை மறைத்தால் தனியார் பாலிசியில் பணம் வந்துவிடும் என்பது. "முள்ளு குத்துன புண்ணுன்னு மட்டும் எழுதுங்க, சுகர்னு போடாதீங்க" என்று கெஞ்சுவார்கள், சிலர் சண்டையும் போடுவார்கள். அப்படி எழுதவே மாட்டோம். பொய் என்பது ஒருபுறம். அந்தத் தாளை வைத்து நாளைக்கு வேறொரு டாக்டர் சிகிச்சை செய்தால் சர்க்கரையைப் பார்க்காமலே மருந்து கொடுத்துவிடுவார். நாங்கள் செய்யக்கூடியது வேறு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான் என்று 2024இல் காப்பீட்டு ஆணையம் குறைத்திருக்கிறது. பாலிசி எடுத்து மூன்று வருஷம் தாண்டியிருந்து, எடுக்கும்போது சர்க்கரையைச் சொல்லியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம், எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்பதை டாக்டர்கள் குத்துமதிப்பாக 'பத்து வருஷம்' என்று எழுதிவிடுவது உண்டு. உண்மையில் ஆறு வருஷமாக இருக்கும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரையை மறைத்ததுபோல ஆகி, அந்த ஒரு சொல்லே கிளெய்மைத் தள்ளிவிடப் போதும். அதனால் முதல் முதலில் சர்க்கரை என்று சொன்ன பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள தேதியைத்தான் எழுதுவோம்.

பாலிசிக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: பெரும்பாலான பாலிசிகளில் மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பிறகு 60 நாள் செலவும் சேர்த்துக் கேட்கலாம். விரல் எடுத்துவிட்டு மதுரையிலிருந்து திரும்பியவர் எங்களிடம் இரண்டு மாதம் டிரெஸ்ஸிங் போடுகிறார் என்றால் அந்த ரசீதுகளுக்கெல்லாம் பணம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதற்கு ஒவ்வொரு ரசீதிலும் எண், தேதி, நோயின் பெயர், எந்தக் கால் எந்த விரல், டாக்டரின் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். கூடவே அந்தத் தேதிக்கு டாக்டரின் சீட்டும் வேண்டும். இதற்காகவே ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்து எல்லாத் தாளையும் அதில் போட்டுவைக்கச் சொல்லுவோம். ராமேஸ்வரம் வந்து கால் பொத்துப்போன வட நாட்டு யாத்ரிகர்களுக்கும் இப்படித்தான் முழு விவரத்தோடு பில் கொடுத்து அனுப்புவோம். அவர்கள் மறுபடி வந்து கேட்க முடியாது, ஒரு தாளில் எல்லாம் இருந்தாக வேண்டும்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பீஸ், டிரெஸ்ஸிங் போன்ற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. கவுண்டரில் விற்கும் மருந்துக்கும் செருப்புக்கும் உண்டு, அதனால் அவற்றுக்குத் தனி பில் புத்தகம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளும் பேண்டேஜ் வகைகளும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே சிகிச்சைக்குப் பிரித்துப் பிரித்து வாங்கினாலும் அதே விதிதான். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்க ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து நேரடியாகப் பணம் வரும் இடங்களில் அவர்கள் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் போடுவார்கள். அதைக் குறைந்த வசூல் என்று எழுதிவிடாமல், வரிக் கணக்கில் நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை நல்ல ஆடிட்டரிடம் விட்டுவிடலாம்.

சாயங்காலம் கவுண்டரை மூடுமுன் இரண்டு பட்டியல் எடுப்பேன். ஒன்று பாக்கி வைத்தவர்கள். மற்றொன்று அன்றைக்கு டிரெஸ்ஸிங்குக்கு வர வேண்டியிருந்து வராதவர்கள். பல பெயர்கள் இரண்டிலும் இருக்கும். போன் செய்வது இரண்டாவது பட்டியலுக்குத்தான். அந்தப் போனில் பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கக் கூடாது என்று புதிதாக வந்த பெண்ணிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "அண்ணே, இன்னைக்குக் கட்டு மாத்தற நாள். கட்டு நனைஞ்சுதா? வாடை வருதா? காலைச் சுத்தி சிவந்திருக்கா, காய்ச்சல் இருக்கா?" இவ்வளவுதான் கேட்போம். காய்ச்சல் என்றால் அப்போதே டாக்டர் கையில் போனைக் கொடுத்துவிடுவோம். மறுமுனையில் பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேச்சு வராது, அப்புறம் "காசு புரட்டிக்கிட்டு வரலாம்னு இருந்தேன்" என்பார்கள். "காசு அப்புறம் பாத்துக்கலாம், காலைல முதல் ஆளா வந்துடுங்க, உங்க பேரை எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பெயரை எழுதிவிடுவேன். பஸ்ஸுக்குக் கையில் காசிருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். சாயல்குடி, மூக்கையூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தடவை வந்து போகும் செலவு எங்கள் டிரெஸ்ஸிங் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வாரத்தில் ஒரு கட்டு மட்டும் இங்கே, மற்றதை அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்.